பழைய கிராங்குக்கு எந்த முன் டீரெய்லர்?

களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவரிடம் எண்பதுகளில் செய்த ஒரு யப்பான் ரேஸ் சைக்கிள் இருக்கிறது. பெடல் கையும் முன் பல்சக்கரமும் சேர்ந்த கிராங்கில் 52 பல்லு, 42 பல்லு என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் 14 முதல் 28 வரை ஆறு. கியர் மாற்ற, கீழ்க்குழாயில் இழுத்து நிறுத்துகிற பழைய லீவர். முன் பல்சக்கரங்களுக்கு நடுவே செயினைத் தள்ளி மாற்றுகிற முன் டீரெய்லர் துருப்பிடித்து இறுகிப் போக, கொழும்பிலிருந்து புதிதாக ஒன்று எடுப்பித்துப் பூட்டியிருக்கிறார். பெரிய பல்லில் ஓடும்போது அதன் கூடு கிராங் கையில் டக் டக்கென்று அடிக்கிறது. திருகாணியை முடுக்கிக் கூட்டை உள்ளே கொண்டுவந்தால் அடி நிற்கிறது, ஆனால் செயின் பெரிய பல்லுக்கு ஏற மாட்டேன் என்கிறது. கூடவே இன்னொரு ஆசை: அடுத்த வருடம் செங்கலடியிலிருந்து பதுளை வரை மிதிக்க வேண்டும், அதற்குச் சின்னப் பல்லை 34 ஆக்கலாமா? "விலை கூடின சாமான்தான் வாங்கினேன், ஏன் பொருந்தவில்லை?" என்று கேட்கிறார்.

தம்பி, கூடின விலையில்தான் சிக்கலே இருக்கிறது. இப்போது வருகிற முன் டீரெய்லர்கள் இப்போது வருகிற கிராங்குக்கு என்று வடிவமைத்தவை. பெட்டியில் என்ன பெயர், எத்தனை கியருக்கு என்று பார்த்து வாங்கினால் பழைய சைக்கிளில் இப்படித்தான் முடியும். கிராங்கை அளந்துவிட்டு, அந்த அளவுக்கு ஒத்த கூட்டைத் தேட வேண்டும். ஒரு ஸ்டீல் அடிமட்டம் போதும், வேர்னியர் இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் பக்கத்துக் கடைகளில் முன் கியர், பின் கியர் என்றும், பல்சக்கரத்தைப் பெரிய பல்லு, சின்னப் பல்லு என்றும்தான் பேச்சு. நானும் அப்படியே எழுதுகிறேன். செயினை நடுவே வைத்துத் தள்ளுகிற இரண்டு தகட்டையும் சேர்த்துக் கூடு என்கிறேன்.

முன் டீரெய்லர் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு தகடு, ஒரு சுருள்வில், ஒரு கேபிள். உள் தகடு செயினை வெளியே தள்ளிப் பெரிய பல்லுக்கு ஏற்றும், வெளித் தகடு உள்ளே தள்ளிச் சின்னதுக்கு இறக்கும். ஆனால் அது செய்கிற வேலை பின் டீரெய்லரின் வேலையை விடக் கஷ்டமானது. பின்னால் இருப்பது தளர்ந்து வருகிற கீழ்ச் செயினைத்தான் நகர்த்துகிறது. முன்னால் இருப்பதோ, உங்கள் காலின் பலம் முழுவதும் ஏறி விறைத்து நிற்கிற மேல் செயினைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அதனால்தான் அங்கே ஒரு மில்லிமீட்டர் பிழைத்தாலும் உடனே தெரிந்துவிடுகிறது.

சரி, உங்கள் டக் டக்குக்கு வருவோம். கிராங்கை மேலிருந்து குனிந்து பாருங்கள். பழைய கிராங்கின் கை அச்சிலிருந்து பெடல் வரை ஏறக்குறைய நேராகவே இறங்கும், பெரிய பல்லுக்கு மிகக் கிட்டவாக. இரண்டு காலும் நெருங்கி இருந்தால் மிதிக்கச் சுகம் என்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். பிரெஞ்சு டி.ஏ. கம்பனியின் சிக்ளோதூரிஸ்ட் கிராங்கில் அந்த இடைவெளி இன்னும் குறைவு. இப்போதைய கிராங்கின் கை வெளிப்பக்கமாகச் சரிந்து போகும், ஆகவே பல்லுக்கும் கைக்கும் நடுவே தாராளமாக இடம். அந்த இடத்தை நம்பித்தான் புதிய கூட்டின் வெளித் தகட்டைப் புடைக்க வைத்து, விளிம்பையும் மடித்து, விறைப்பாகச் செய்கிறார்கள். விறைப்பான கூடு செயினைச் சட்டென்று தள்ளும், அது உண்மை. உங்கள் கிராங்கில் அந்தப் புடைப்புப் போகத்தான் வழி இல்லை.

எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஆறு, ஏழு, எட்டுக் கியருக்கு இப்போது கிடைக்கிற செயினின் வெளி அகலம் ஏறக்குறைய 7.1 மி.மீ. அப்படியென்றால் பெரிய பல்லின் நடுக்கோட்டிலிருந்து செயின் வெளியே மூன்றரை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். உரசாமல் இருக்க அரை மி.மீ. விடுங்கள். தட்டையான தகடு ஒன்றுக்கு ஒன்றேகால் வையுங்கள். மொத்தம் ஐந்தேகால். செயினை ஏற்றுகிற கணத்தில் கூடு இன்னும் ஒரு மி.மீ. வெளியே போய்வரும். அதற்கும் அப்பால், எழுந்து நின்று மிதித்தால் சட்டமும் கிராங்கும் கொஞ்சம் வளையும், அதற்கு ஒன்றரை. ஆக, பல்லின் நடுவிலிருந்து கிராங் கையின் உள்முகம் வரை எட்டு மி.மீ. இருந்தால் பழைய தட்டைத் தகட்டுக் கூடு நிம்மதியாக வேலை செய்யும். உங்கள் கிராங்கில் ஒன்பது இருக்கலாம், பத்தும் இருக்கலாம், அளந்து பாருங்கள். புதிய கூட்டின் புடைப்பும் மடிப்பும் அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டது.

இந்த இடத்தில் கடையில் ஒரு ஆலோசனை கிடைக்கும்: "கொஞ்சம் நீளமான அச்சுப் போடுவோம், கை வெளியே போய்விடும்." நானும் ஒருமுறை இதை நம்பி, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு கடையில் அச்சை மாற்றினேன். கை வெளியேதான் போனது. ஆனால் பல்லும் கையும் ஒரே துண்டில் இருப்பவை அல்லவா, பல்லும் சேர்ந்தே போனது. நடுவில் இருந்த இடைவெளி ஒரு மயிரளவும் கூடவில்லை. மேலதிகமாக, செயினின் நேர்கோடு கெட்டு, சின்னப் பல்லிலிருந்து பின்னால் பெரிய பல்லுக்குப் போட்டால் கரகரவென்று இரைச்சல். கடைக்காரர் பில்லைத் தந்துவிட்டு, "ஓடினா மறுகா சரியாகிரும்" என்றார். ஆகவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? சிறந்த வழி, தட்டையான தகடு கொண்ட பழைய கூடு. எழுபது, எண்பதுகளில் வந்த சன்டூர், சிமானோ, கம்பனியோலோ இரண்டு பல்லு டீரெய்லர் எதுவானாலும் உங்கள் 52, 42க்குப் போதும். கொள்கலனில் வருகிற பழைய யப்பான் சைக்கிள்களைப் பிரித்து விற்கிற இடங்களில் பெட்டியைக் கிளறினால் ஒன்று அகப்படும். பெயரைப் பார்க்காதீர்கள், தகட்டைப் பாருங்கள். வெளித் தகடு மேலிருந்து பார்க்க ஒரு கோடு போலத் தெரிந்தால் எடுங்கள்.

உங்களிடம் இருக்கிற புதியதையே ஓட்ட வேண்டுமென்றால் இரண்டு சின்னக் குறுக்குவழி உண்டு. டீரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கிற பட்டியைத் தளர்த்தி, கூட்டின் மூக்கு ஒரு மி.மீ. உள்ளே திரும்பும்படி வைத்து இறுக்குவது ஒன்று. கை அடிப்பது பெரும்பாலும் கூட்டின் முன்பகுதியில்தான், ஆகவே அந்த ஒரு மி.மீ. பல வேளைகளில் போதும். கையேட்டில் தகடு பல்லுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் இழுத்து நிறுத்துகிற லீவரில் இந்தச் சின்னப் பிழையை உங்கள் கையே சரிப்படுத்திக்கொள்ளும்.    மற்றது, சுத்தியலால் புடைப்பைத் தட்டிச் சமப்படுத்துவது. ஸ்டீல் கூட்டில் அது நடக்கும், நானே செய்திருக்கிறேன். அலுமினியம் என்றால் சுத்தியலைத் தொட வேண்டாம், வெடித்துவிடும்.

அடுத்தது வளைவு. இதைப் பலர் கவனிப்பதில்லை. செயினில் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால், பல்லு ஒன்று கூடும்போது சக்கரத்தின் ஆரை ஏறக்குறைய 2 மி.மீ. கூடும். 52 பல்லுக்கு ஆரை 105 மி.மீ., 44க்கு 89, 34க்கு 69. கூட்டின் வெளித் தகட்டின் கீழ் விளிம்பை ஏதோ ஒரு பெரிய பல்லின் வளைவுக்கு என்றுதான் வெட்டியிருப்பார்கள். ரேஸ் சைக்கிளுக்கு உரியதை ஐம்பது சொச்சம் பல்லுக்கும், மவுண்டன் சைக்கிளுக்கு உரியதை 42, 44, 48க்கும். மவுண்டன் கூட்டைக் கொண்டுவந்து 52இன் மேல் வைத்தால், மூக்கும் வாலும் பல்லில் குத்தும், குத்தாமல் இருக்க உயர்த்தினால் நடுவில் இடைவெளி கூடிவிடும். மாறி வைத்தால் வால் பக்கம் பெரிய வாய் திறந்து, செயின் ஏறச் சோம்பல்படும்.

பூட்டும்போது வெளித் தகட்டுக்கும் பெரிய பல்லின் நுனிக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு நாணயத்தை நுழைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய பல்சக்கரம் முழு வட்டமாக இருக்காது, ஒரு இடம் ஏறி ஒரு இடம் இறங்கி இருக்கும். ஆகவே கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மிகக் கிட்ட வருகிற இடத்தில் அளவுங்கள். இதைச் செய்யாமல் ஒரே இடத்தில் பார்த்துவிட்டுப் பூட்டி, கல்லடிப் பாலம் ஏறும்போது கறகறவென்று கேட்டு இறங்கி நின்றவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு பல்லுக்கும் உள்ள வித்தியாசம் இன்னொரு கட்டுப்பாடு. 52, 42 என்றால் பத்து. பழைய ரேஸ் கூடு பதினான்கு வரை சிரமமில்லாமல் தாங்கும். பதினாறுக்குப் போனால், சின்னப் பல்லுக்கு இறங்குகிற செயின் 32 மி.மீ. கீழே போகிறது. அப்போது பின்னாலும் சின்னப் பல்லில் இருந்தால், கூட்டின் வாலில் இரண்டு தகட்டையும் இணைக்கிற அடித்துண்டில் செயின் தேய்த்துக்கொண்டு ஓடும். அந்தச் சத்தத்தை எந்தத் திருகாணியாலும் நிறுத்த முடியாது. வால் நீளமான கூடு வேண்டும், அல்லது அந்தச் சேர்க்கையில் ஓட்டாமல் இருக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். சின்னதுக்குச் சின்னது போட்டு ஓட ஒரு தேவையும் இல்லை.

மூன்று பல்லுக் கூட்டை இரண்டு பல்லுக் கிராங்கில் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அதன் உள் தகடு ஆழமாகக் கீழே இறங்கியிருக்கும், நடுப் பல்லு பெரியதைவிடப் பத்துப் பல்லாவது சின்னதாக இருக்கும் என்ற நம்பிக்கையில். உங்கள் 52, 42இல் அது மயிரிழையில் தப்பும். 50, 46 என்று நெருக்கமாகப் போட்ட பழைய பயணச் சைக்கிளில் தப்பாது. கூடு வெளியே போகும்போது உள் தகட்டின் அடி 46இன் தலையில் முட்டி நின்றுவிடும்.

இனிச் செயின் கோடு. சட்டத்தின் நடுவிலிருந்து முன் பற்களின் நடு வரை உள்ள தூரம்தான் அது. இருக்கைக் குழாயின் வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு பல்லுக்கும் நடுவான இடம் வரை அடிமட்டத்தால் அளந்து, குழாயின் பாதித் தடிப்பைக் கூட்டுங்கள். 28.6 மி.மீ. குழாய் என்றால் கூட்ட வேண்டியது 14.3. இரண்டு பல்லு ரேஸ் சைக்கிளில் 43.5 மி.மீ. கிட்ட வர வேண்டும், மூன்று பல்லு ரேஸில் 45, மவுண்டன் சைக்கிளில் 47.5 அல்லது 50. மவுண்டன் டீரெய்லர் ரேஸ் சைக்கிளில் உள்ளே வர மறுப்பதும், ரேஸ் டீரெய்லர் மவுண்டன் கிராங்கில் பெரிய பல்லை எட்டாமல் நிற்பதும் இதனால்தான். திருகாணியை எவ்வளவு கழற்றினாலும், கை எட்டாத இடத்தில் இருக்கிற பொருளை எடுக்க முடியாது.

அச்சை மாற்ற வேண்டி வந்தால் இரண்டு விஷயம். அச்சு இரு பக்கமும் சமமாக நீள்வதால், 4 மி.மீ. நீளமான அச்சு போட்டால் செயின் கோடு 2 மி.மீ. மட்டுமே வெளியே போகும். சீல் செய்த சதுர அச்சுகள் 107, 110, 113, 115, 118, 122.5 என்று பல நீளத்தில் உண்டு. அப்புறம், சதுர அச்சு எல்லாம் ஒரே சதுரம் இல்லை. யப்பான்காரர் ஜே.ஐ.எஸ். என்ற தங்கள் நாட்டுத் தர அளவில் செய்தார்கள், கம்பனியோலோ போன்ற ஐரோப்பியர் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அளவில். இரண்டின் சரிவும் ஒன்றுதான், நுனியின் தடிப்பு வேறு. ஐ.எஸ்.ஓ. கிராங்கை அதே நீளமுள்ள ஜே.ஐ.எஸ். அச்சில் ஏற்றினால், அது ஏறக்குறைய நாலரை மி.மீ. வெளியிலேயே நின்றுவிடும். உங்கள் சைக்கிளில் எல்லாமே யப்பான் என்பதால் இந்தத் தலையிடி இல்லை.

அச்சைத் தாங்குகிற கிண்ணம் கழற்றும்போது செயின் பக்கக் கிண்ணத்துக்கு இடப்புரி என்பதை மறக்க வேண்டாம், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். எங்கள் கடற்கரை உப்புக் காற்றில் நாற்பது வருடம் இருந்த கிண்ணத்தைத் தவறான பக்கம் இரண்டு மணித்தியாலம் முறுக்கி, சாவியைத்தான் உடைத்தார்கள் ஓரிடத்தில். கிண்ணம் சுகமாக இருந்தது.

இப்போது 34 பற்றி. சின்னப் பல்லை எவ்வளவு சின்னதாக்கலாம் என்பதை உங்கள் விருப்பம் தீர்மானிப்பதில்லை, கிராங்கில் போல்ட் போடுகிற ஐந்து துளையும் அமைந்த வட்டம்தான் தீர்மானிக்கிறது. அந்த வட்டத்தின் விட்டத்தை நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டின் நடுவை அளவுங்கள். 84.6 மி.மீ. வந்தால் வட்டம் 144. 76.4 என்றால் 130. 64.7 என்றால் 110. 144இல் போடக்கூடிய ஆகச் சின்னப் பல்லு 41, 130இல் 38, 110இல் வழக்கமாக 34. எண்பதுகளின் யப்பான் ரேஸ் கிராங்கில் 144ஐயும் காணலாம், 130ஐயும் காணலாம். 42 போட்டிருப்பதை வைத்து உங்களுடையது 144 ஆக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் 34 என்ற பேச்சுக்கே இடமில்லை, 41ஐவிடச் சின்னப் பல்லை மாட்ட உலோகமே இல்லை.

ஆக, பதுளைக்குப் போக வேண்டுமானால் கிராங்கைத்தான் மாற்ற வேண்டும். போகத்தான் வேண்டும் என்றும் சொல்வேன். மகாஓயா வரை நீங்கள் இருப்பதை வைத்தே பாடிக்கொண்டு போகலாம். பிபிலை தாண்டி லுணுகலை, பசறை என்று ஏறத் தொடங்கினால் பாட்டு நின்றுவிடும். 42க்கு 28 போட்டால் ஒரு மிதிக்குச் சைக்கிள் ஏறக்குறைய 3.15 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 11 கிலோமீற்றர் வேகம். ஏற்றத்தில் அந்த வேகத்துக்குக் கால் பலம் போதாவிட்டால் மிதி மெதுவாகும், முழங்கால் அழும். 34க்கு 28 என்றால் ஒரு மிதிக்கு 2.55 மீற்றர், அதே 60 மிதிக்கு மணிக்கு 9 கிலோமீற்றர். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், மூன்றாவது வளைவில் அதன் பெறுமதி புரியும்.

மலை இல்லாத எங்கள் ஊரிலும் சின்னப் பல்லுக்கு வேலை இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தட்டையான வீதியிலேயே மலை ஏறுகிற மாதிரித்தான் இருக்கும். திரும்பி வரும்போது 52ஐப் போட்டு மிதிக்காமலே வரலாம், அது வேறு.

என் தெரிவு 110 வட்டமுள்ள ஒரு பழைய யப்பான் கிராங், 48, 34. சுகினோ போன்றவர்கள் எண்பதுகளில் பயணச் சைக்கிளுக்கென்று 110இல் நிறையச் செய்தார்கள். 48க்கு 14 போட்டு நிமிடத்துக்கு 80 மிதி மிதித்தால் மணிக்கு முப்பத்து நாலரை கிலோமீற்றர் வரும். அதற்கு மேல் வேகம் நமக்கு எதற்கு? வித்தியாசம் பதினான்கு, ஆகவே பழைய ரேஸ் கூடு தாங்கும். 50, 34 என்று எல்லோரும் சொல்வார்கள். அது பதினாறு, வால் தேய்க்கும் இடத்துக்கு வந்துவிடும். 48க்கும் 52க்கும் ஆரையில் 8 மி.மீ. வித்தியாசம், ஆகவே பட்டியைத் தளர்த்தி டீரெய்லரை அந்த அளவு கீழே இறக்க வேண்டும். உங்கள் சட்டத்தில் பட்டி போட்டுப் பூட்டுவதால் இது சுலபம். சட்டத்திலேயே ஒட்டவைத்த கொளுக்கியில் பூட்டுகிற வகையென்றால் கொளுக்கியின் துளை நீளம் விடுகிற அளவுக்குத்தான் இறங்கும். பின் டீரெய்லரையும் பாருங்கள்: முன்னால் பதினான்கு, பின்னால் பதினான்கு, மொத்தம் இருபத்தெட்டுப் பல்லுக்கு உரிய தளர்வை அது இழுத்து வைத்திருக்க வேண்டும். இப்போது இருபத்து நான்குதான். அதன் கை குட்டையாக இருந்தால் 34க்கு 14 போடும்போது செயின் தொங்கும்.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. "பத்துக் கியர்ச் செயின் நல்லது, எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று விற்பார்கள். அது 6 மி.மீ. அகலம்தான். பழைய கிராங்கில் இரண்டு பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி தடித்த செயினுக்கென்று விட்டது. ஒல்லிச் செயின் இறங்கும்போது சின்னப் பல்லில் உட்காராமல் இரண்டுக்கும் நடுவே விழுந்து, கால் வெறுமனே சுற்றும். பழைய அகலக் கூட்டுக்குள் அது அங்குமிங்கும் அலையவும் செய்யும். எட்டுக் கியர்ச் செயினோடு நில்லுங்கள்.

பட்டியின் அளவைச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள்: 28.6, 31.8, 34.9 என்று மூன்று. உங்களுடைய ஸ்டீல் சட்டத்துக்கு 28.6. பெரிய பட்டி கிடைத்தால் அலுமினியத் தகடு வெட்டிச் சுற்றி நிரப்பலாம். முழுப் பலத்தையும் போட்டு இறுக்கினால் மெல்லிய குழாய் நசியும்.

பிரான்சிலிருந்து மாமா, சித்தப்பா கொண்டுவந்து விட்டுப் போன பழைய பிஜோ சைக்கிள் எங்கள் பக்கத்தில் அங்கொன்று இங்கொன்று இருக்கிறது, அதை வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வரி. அதன் குழாய் 28.0 மி.மீ., ஆகவே 28.6 பட்டி வழுக்கும், குளிர்பான டின்னை வெட்டிச் சில சுற்றுச் சுற்றுங்கள். சிம்ப்ளெக்ஸ் டீரெய்லர் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது, பட்டி இருக்கும் இடத்தில் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணம் இரண்டுக்கும் வலப்புரி. கிராங் ஸ்ட்ராங்லைட் என்றால் சாதாரண 22 மி.மீ. கிராங் கழற்றியை அதில் திருகவே வேண்டாம். பழைய ஸ்ட்ராங்லைட்டின் புரி 23.35, டி.ஏ.இன் புரி 23. சின்னக் கழற்றி தொளதொளவென்று உள்ளே போகும், இழுக்கும்போது கிராங்கின் புரியை வழித்துக்கொண்டு வரும். மறுபடி அந்தக் கிராங்கைச் சுத்தியலால்தான் கழற்ற வேண்டும்.

பெட்டியில் சன்டூர் ஸ்பர்ட் என்று எழுதிய டீரெய்லர் கிடைத்தால் திகைக்க வேண்டாம். அதில் வில் தலைகீழ்: கேபிளை இழுத்தால் சின்னப் பல்லுக்கு இறங்கும், விட்டால் பெரியதுக்கு ஏறும். பழுது என்று எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகிவிட்டால் அருமையான சாமான், செயினை ஏற்றுகிற கஷ்டமான வேலையை வில்லே செய்துவிடும்.

கடைசியாக, உங்கள் பழைய டீரெய்லர் எங்கே? இன்னும் எறியவில்லை என்றால் கிராங்குக்கு மிகப் பொருத்தமானது அதுதான், நாற்பது வருடமாக அதே 52, 42இன் மேல் ஓடியது. இறுகினது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், உடைந்தது என்று எழுதவில்லை. கழற்றி ஒரு பால்மா டின்னில் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு இரவு ஊறப் போடுங்கள். பழைய பல்துலக்கியால் நாலு மூட்டையும் தேய்த்து, கையால் மெல்ல மெல்ல அசைத்துக் கொடுங்கள். முதலில் ஒரு மயிரளவு அசையும், பிறகு கபில நிறத்தில் அழுக்குக் கக்கும், பிறகு சட்டென்று விட்டுவிடும். வில் துருவில் மெலிந்து ஒடிந்திருந்தால் மட்டும் கைவிடுங்கள். துடைத்துக் காயவைத்து, மூட்டுக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஒரு மாதத்தில் பிசினாகி மணலைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறுகும். இரண்டு திருகாணியையும் முழுவதும் கழற்றிப் புரியில் கிரீஸ் பூசுங்கள். பழையதில் எச், எல் என்று குறி இருக்காது, ஒன்றைத் திருப்பி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் தெரியும்.

பூட்டும்போது கேபிளை மாட்டாமல் முதலில் உள் எல்லையை வையுங்கள்: சின்னப் பல்லில், பின்னால் 28இல் போட்டு, உள் தகட்டுக்கும் செயினுக்கும் நடுவே அரை மி.மீ. அதன் பிறகு கேபிளை மாட்டி, பெரிய பல்லில் பின்னால் 14இல் போட்டு வெளி எல்லை, அதே அரை மி.மீ. கிராங்கைக் கையால் சுற்றி, கை கூட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். காகிதம் இழுபடாமல் வந்தால் சைக்கிளை வெளியே எடுத்து, எழுந்து நின்று நாலு மிதி பலமாக மிதியுங்கள். அப்போதும் அடித்தால் வெளி எல்லைத் திருகாணியைக் கால் சுற்று உள்ளே.